டொரொண்டோவில ஆறு மணித்தியாலம்

ஆரும் கரிபியன் பக்கம் லீவுக்குப் போகப்போறம் எண்டு என்னட்டை விசாரிச்சா, நான் முதல் சொல்லுறது ஒண்டுதான்: பிளேன் மாறுற ஊரில உங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கப்படாது. வெயிலுக்குப் பூசுற கிறீம், நுளம்புக்கு மருந்து, குளிக்கிற உடுப்பைக் கைப்பையில வைக்கிறது, அதெல்லாம் பேந்து பாக்கலாம். கேட்டுட்டுச் சிரிப்பினம். நான் பகிடிக்குச் சொல்லேல்லை.

நாங்கள் சுவிஸில கூர் எண்ட ஊரில இருக்கிறம். நான் முதியோர் இல்லம் ஒண்டில வேலை. என்ர மனுசன் டாவோஸில ஒரு ஹோட்டல் குசினியில. வந்த புதுசில அங்க கோப்பை கழுவத் தொடங்கினவர், இப்ப சமையல்காரர். கலியாணம் கட்டின இருபது வருசத்தில நாங்கள் பிளேன் ஏறாத வருசம் குறைவு. ஆனா லீவு எண்டு ஒருநாளும் போகேல்லை. லண்டனில கலியாணம், பாரிஸில சாமத்தியவீடு, டொரொண்டோவில செத்தவீடு. நாட்டில சண்டை முடிஞ்ச பிறகு ஊருக்கும் போகலாம் எண்டாச்சு. மிச்சமிருந்த லீவும் அங்க போச்சு.

எந்த நாட்டுக்குப் போனாலும் எனக்கு ஒரே இடம்தான். ஆம்பிளையள் ஹோலில இருந்து கதைப்பினம். நான் குசினியில வெங்காயம் உரிப்பன், தேங்காய் திருவுவன், கோப்பை கழுவுவன். விருந்தாளி எண்டு பேர் மட்டும். லண்டன் எப்பிடி இருந்தது எண்டு வேலையில கேப்பினம். எனக்குத் தெரிஞ்ச லண்டன் சிங்குக்கு மேல ஒரு ஜன்னலும், அதுக்கு வெளியில ரெண்டு குப்பைத் தொட்டியும். இவரிட்டைச் சொல்லி அழுதா, "உமக்கென்ன, குசினியில கதைக்க ஆக்கள் இருக்கினம்தானே" எண்டுவார்.

இல்லத்தில என்ர மாடியில ஒரு சுவிஸ் அம்மா இருந்தவ. அவவுக்கு நான் காலுக்குக் கிறீம் பூசேக்க எல்லாம் தான் போய்வந்த கரிபியன் தீவுக் கதைதான். நவம்பர் கடைசியில போ, புயல் காலம் முடிஞ்சிடும், விலையும் இன்னும் ஏறியிராது எண்டுவா. ஜன்னல் பக்கம் இருக்காதை, நடக்கிற பக்கம் சீட் எடு, அப்பதான் கால் வீங்காது எண்டுவா. போன முதல் நாள் ஒண்டும் செய்யாமல் கடலைப் பாத்துக்கொண்டு சும்மா இரு எண்டுவா. அந்தச் சும்மா இருக்கிறது என்ர மண்டைக்குள்ள போய் இருந்துட்டுது. நவம்பரில டாவோஸிலையும் ரெண்டு சீசனுக்கு நடுவில ஹோட்டல் பூட்டு. இதை விட்டா வேற காலம் இல்லை.

"பார்படோஸுக்குப் போவம்" எண்டன்.

"அங்க ஆர் இருக்கினம்?" எண்டு கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான்."

எட்டு நாள். என்னை அக்கா, மாமி, சித்தி எண்டு கூப்பிட ஒரு சனம் இல்லாத, ஒரு கோப்பையும் கழுவாத எட்டு நாள். கடவுளாணை, வேற ஒண்டும் நான் கேக்கேல்லை.

டிக்கெட் எடுக்கிற வேலையை இவரிட்டை விட்டது என்ர பிழை. டொரொண்டோவில மாறிப் போறதுதான் வசதி எண்டார். மாறுறதுக்கு ஆறு மணித்தியாலம் இருக்கு, அந்தரப்படத் தேவையில்லை எண்டார். நானும் விசரி மாதிரி ஓம் எண்டன்.

சூரிக்கில சோதனை செய்யிற இடத்தில இவற்ற கைப்பையைத் திறக்கச் சொன்னாங்கள். உள்ளுக்கு நாலு கிலோ சொக்லேட்.

"ஆருக்கு?"

"வழியில தின்ன."

சீனி வருத்தக்காரன் நாலு கிலோவையும் வழியில தின்னப்போறாராம்! பிளேனுக்குள்ள ஒரு இடத்தில இருக்க ஏலேல்லை. எழும்பி நடந்தன், வந்து இருந்தன், திரும்ப எழும்பினன். இவர் வாயைத் திறந்துகொண்டு நல்ல நித்திரை.

டொரொண்டோவில இறங்கினாப் பிறகுதான் வாய் திறந்தார். "அண்ணை வெளியில காரோட நிக்கிறார். ஒருக்கால் போய்த் தலையைக் காட்டிப்போட்டு வருவம். இவ்வளவு தூரம் வந்து பாக்காமல் போனா என்ன நினைப்பினம்?"

நான் வாயைத் திறந்தா எயார்போட் அதிரும். கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால நடந்தன்.

தமையன் வீட்டில பாத்தா சனம் நிரம்பி வழியுது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எல்லாரையும் கூப்பிட்டு வைச்சிருக்கினம். தமையன்ர மனுசி, நான் அக்கா எண்டு கூப்பிடுறனான், ஓடி வந்து கட்டிப்பிடிச்சு, "மெலிஞ்சு போனீர்" எண்டா. பத்து நிமிசத்தில நான் குசினியில நிக்கிறன். என்ர கொதி என்னெண்டா, ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை. கோட்டைக் கழட்டினன், கையை மடிச்சன், கால் தன்பாட்டில அங்க போச்சு.

அடுப்பில இருந்த மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு கழுவினன். வெளிக்கிடுவம் எண்டு கதவடியில வந்து சொன்னன். இப்பதானே வந்தனீங்கள், சாப்பிட்டிட்டுப் போங்கோ எண்டினம். சாப்பிட்டாச்சு. தேத்தண்ணி குடிச்சிட்டு எண்டினம். குடிச்சாச்சு. ஆரோ வேலையால வந்துகொண்டிருக்கிறாராம், எங்களைக் காணாமல் போனா மனவருத்தப்படுவாராம். ரோட்டில வாகனம் அடைபடுற நேரம் வேற.

"இஞ்சருங்கோ, பிளேன் போகப்போகுது."

"விட்டா நாளைக்கும் ஒண்டு இருக்குத்தானே," எண்டார் இவர், இடியப்பம் சாப்பிட்ட கோப்பையை என்னட்டை நீட்டிக்கொண்டு.

"கடல் எங்கையும் ஓடிப்போகாது," எண்டார் தமையன். எல்லாரும் சிரிச்சினம்.

அந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டு போய் சிங்குக்குள்ள வைச்சன். சிங்கில ஆட்டிறைச்சிச் சட்டி பாதி தேச்சபடி கிடந்துது, பக்கத்தில இன்னும் ஒரு குவியல். கையைச் சட்டையில துடைச்சன். கோட்டைப் போட்டன். கைப்பையை எடுத்து, பாஸ்போட் இருக்கோ எண்டு ஒருக்காப் பாத்தன்.

"எங்க போறீர்?" எண்டு அக்கா கேட்டா.

"லீவுக்கு, அக்கா."

வெளியில வந்து டாக்ஸி பிடிச்சன். "நான் போறன். வாறதெண்டா வாங்கோ" எண்டு இவருக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டு போனை நிப்பாட்டினன். கடைசி ஆளா ஓடிப்போய் ஏறினன். பக்கத்துச் சீட் காலி. பாவம் எண்டும் நினைச்சன், நல்லா வேணும் எண்டும் நினைச்சன். கையில சட்டி தேச்ச மணம் போகேல்லை.

பார்படோஸில விடிய எழும்பிப் பாத்தா, கடல் பச்சையும் நீலமுமாக் கண்ணைக் கூசுது. சுவிஸ் அம்மா சொன்னபடி கதிரையைப் போட்டுச் சும்மா இருந்தன். எங்க இருக்க ஏலுது? பக்கத்துக் கதிரையளில கிடந்த துவாயளை மடிச்சு வைச்சன். காலமைச் சாப்பாட்டில கோப்பையளை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி மேசையையும் துடைச்சுப்போட்டன். பரிமாற வந்த மனுசி பதறிப்போய், இரும் எண்டு கையால காட்டினா. எனக்கு வெக்கமாப் போச்சு. இதுக்கோ புருசனை விட்டிட்டு ஓடி வந்தனான் எண்டு நினைக்கக் கண் நிரம்பிச்சு.

அடுத்த நாள் பின்னேரம் இவர் வந்து சேந்தார். டொரொண்டோக் குளிருக்குப் போட்ட ஜக்கெட்டோட, வேர்த்து ஒழுகிக்கொண்டு. கையில சொக்லேட் இல்லை. சப்பாத்தோடையே மணலில என்ர கதிரைக்குப் பக்கத்தில இருந்தார்.

"நீர் போன பிறகு குசினிக்குள்ள போனனான். எல்லாம் அப்பிடியே கிடந்துது. நான்தான் கழுவினனான்."

"அக்கா விட்டவவோ?"

"பறிக்கப் பாத்தா. நான் குடுக்கேல்லை."

நான் கடலைப் பாத்துக்கொண்டிருந்தன்.

"ரெண்டு மணித்தியாலம் சிங்கடியில நிண்டனான்," எண்டார். "ஹோலில சிரிக்கிற சத்தம் கேட்டுது. ஒருத்தரும் வந்து என்னோட கதைக்கேல்லை."

இருபது வருசமாச் சேத்து வைச்ச ஏச்சு ஒரு மூட்டை இருந்தது என்னட்டை. ஒண்டும் வெளியில வரேல்லை, அழுகைதான் வந்தது. அவர் சப்பாத்தைக் கழட்டினார்.

அண்டைக்கு இரவுச் சாப்பாடு முடிய என்ர கை தன்பாட்டில கோப்பையளை அடுக்கத் தொடங்கிச்சு. அவர் மேசைக்கு அங்காலை இருந்து எட்டி என்ர கையைப் பிடிச்சார்.

"வையும்," எண்டார்.

வைச்சன். இனி என்ன செய்யிறதெண்டு தெரியாமல் ரெண்டு கையும் மடியில கிடந்துது.