மஞ்சள் லைட் எரியும் வரை

போன கிழமை ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வாவிக்கரையில் உள்ள கலியாண மண்டபம் ஒன்றுக்குப் போனேன்.

சும்மா பலகை இல்லை. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் பூட்டிய பலகை. அறை எவ்வளவு சூடு என்று பார்த்து, ஏ.சி.யை ‘ஓடு, நில்’ என்று சொல்கிற சாமான். போனிலிருந்தும் அதை இயக்கலாம். ஆனால் முதலாளிமாருக்குக் காட்டுவதற்கு ஏ.சி.யையே தூக்கிக்கொண்டு போக முடியுமா? அதற்குப் பதிலாக ஒரு மஞ்சள் லைட். கரண்டைக் குறைக்க ஒரு சின்ன டிரான்ஸ்ஃபோமர். ஏ.சி.க்குப் போக வேண்டிய வயரை லைட்டுக்குக் கொடுத்தேன். லைட் எரிந்தால் ஏ.சி. ஓடுகிறது என்று அர்த்தம். தூக்குவதற்கு ஒரு கைபிடி — அவ்வளவுதான்.

வயரிங் என்னுடையது. வியாபாரம் தயா மச்சானுடையது. என் தங்கையின் கணவர், கட்டாரில் ஏ.சி. வேலை பார்த்துவிட்டு வந்தவர். இங்கேயே தொழில் தொடங்க ஆசை. இந்த மண்டபம் சரிவராவிட்டால் திரும்பவும் கட்டார்தான். விசா தயார். தங்கை பலகையைப் பழைய பெட்சீட்டால் சுற்றிக் கட்டித் தந்தாள். “உடைக்காமக் கொண்டு போங்க அண்ணா” என்றாள். அவ்வளவுதான்.

மண்டப முதலாளி ஒரு ஹாஜியார். “வாங்க தம்பிமார், இருங்க. இதென்ன, சீதனச் சாமான் மாதிரிக் கட்டிக் கொண்டந்திரிக்கீங்க?”

மச்சான் சிரித்துக்கொண்டே பிளக்கைக் குத்தினார். திரை வெளிச்சமானது. இருபத்துநாலு டிகிரியில் வைத்தார். அறையோ சரியான புழுக்கம். “இப்ப பாருங்க ஹாஜியார், லைட் பத்தும்.”

பத்தவில்லை.

“லூஸ் கனெக்ஷனா இரிக்கும்” என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பிளக்கைப் பிடுங்கித் திரும்பக் குத்தினார். இன்னொரு தரம். ம்ஹூம்...

“ஏன் மனே, உங்கட லைட்டுக்கு ஆக்களக் கண்டா வெக்கமா?” என்றார் ஹாஜியார்.

வயரில் பிழையா? வீட்டில் எரிந்ததே! ஆனால் வீட்டில் பிளக்கைக் குத்திவிட்டு நான் சாப்பிடப் போய்விட்டேன். வந்து பார்க்கும்போது எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால்...?

திரையின் ஓரத்தில் குட்டியாக ஒரு பனிப்பூப் படம் விட்டு விட்டு மினுங்கியது. வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பூட்டியிருக்கும் ‘ஃபிரிட்ஜ் கார்ட்’ பெட்டியும் இப்படித்தான் மினுங்கும். கரண்ட் போய் வந்தால் அது ஃபிரிட்ஜை உடனே ஓட விடாது. மோட்டர் பழுதாகாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். இதுவும் அதைத்தான் செய்கிறது போல! நாங்கள் பிடுங்கிக் குத்தும் ஒவ்வொரு தரமும் பாவம், முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது.

மச்சானின் கை திரும்பவும் பிளக்குக்குப் போனது. பிற மனிதர் முன்னால் வாய் திறப்பது எனக்குப் பெரிய கஷ்டம். ஆனால் திறக்காவிட்டால் கட்டார்.

“மச்சான், கைய எடுங்க. அஞ்சு நிமிசம் சும்மா விடுங்க.”

“அஞ்சு நிமிசமா? அதுவரைக்கும் என்ன செய்ற?”

“ஒண்டும் செய்யாம இரிப்பம்.”

வியாபாரம் பேசுகிறவர்களுக்கு மௌனம் பெரிய தண்டனை. எனக்கோ அது பழகின இடம். ஹாஜியார் பிளேன்டீ வரவழைத்தார். மௌனம் அவரையும் குடைந்திருக்க வேண்டும் — தானாகவே கதைக்கத் தொடங்கினார்.

“எங்கட பிரச்சினை என்ன தெரியுமா? பொண்ணு மாப்பிள்ள வாவியோட படம் எடுக்கக் கதவத் திறந்து போட்டுருவாங்க. ஏ.சி. அது பாட்டுக்கு ஓடும். மண்டபம் குளிருதோ இல்லையோ, வாவி மீனுக்கெல்லாம் தடிமனும் தும்மலும் புடிச்சிரிக்கும்!”

அன்றைக்கு முதல் தடவையாக மச்சான் விற்பதை விட்டுவிட்டுக் காது கொடுத்தார். எந்தக் கதவு, எவ்வளவு நேரம் திறந்து கிடக்கும் என்று கேட்டார். கதவு திறந்தால் ஏ.சி. தானாக நிற்கவும் வழி இருக்கிறது என்று விளக்கினார். மஞ்சள் லைட் எப்போது எரிந்தது என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது. கோப்பையை வைக்கக் குனிந்தபோதுதான் நான் கண்டேன்.

“சின்ன மண்டபத்தில ஒண்டு போட்டுப் பாருங்க. பெரிய மண்டபத்துக்கு யோசிச்சுச் சொல்றன்” என்றார் ஹாஜியார்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். கோபத்தில் இருக்கும் ஆளிடம் போய், “இன்னும் கோபமா?” என்கிறோம். ஆறிக்கொண்டிருந்தது திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது. நோயாளியைத் தட்டியெழுப்பி, “நித்திரை வந்ததா?” என்று கேட்கிறோம். அக்கறைதான்... இல்லை என்று யார் சொன்னது?

மறுநாள் காலை மச்சான் போனும் கையுமாக நின்றார். “ஹாஜியாருக்கு ஒரு கோல் எடுத்துப் பாப்பமா?”

தங்கை குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “போன வைங்க. அவர் ஆறுதலா யோசிக்கட்டும். உங்கட பாஸ்போர்ட்ட அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டன். அது எங்கயும் போகாது.”

தெர்மோஸ்டாட்டுக்கு ஐந்து நிமிடம். முதலாளிமாருக்கு எவ்வளவு என்று எந்தப் பெட்டியிலும் போட்டிருப்பதில்லை!