மங்கி கேப்புக்குள் ஒரு குஞ்சு

தொண்ணூறுகளின் நடுவில், லிங்கராஜபுரத்தில் கோழிக்குஞ்சுக்கு வைத்தியர் யார் என்று கேட்டால் சவரிமுத்துவின் வீட்டைத்தான் காட்டுவார்கள். பட்டம் எதுவும் கிடையாது. முப்பது வருஷம் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேனாக நின்றவர். வைத்தியம் காற்றோடு வந்து ஒட்டிக்கொண்டது. துவண்ட குஞ்சுக்கு வெல்லத் தண்ணீர் என்று நிதானமாகச் சொல்வார். பெங்களூர்க் குளிருக்கு அஞ்சி அவர் மாட்டிய மங்கி கேப், மாதா கோயில் பூசையில் தவிர வேறெங்கும் தலையைவிட்டு இறங்கியதில்லை.

ஒரு டிசம்பர் காலையில் அவருடைய சொந்தக் குஞ்சுக்கே எச்சம் காய்ந்து பின்புறம் அடைத்துக்கொண்டது. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைத்தாலே போதும். இவரோ குஞ்சை முழுசாக முக்கிக் குளிப்பாட்டிவிட்டார். அடைப்பு நீங்கியது. குஞ்சு நடுங்கித் தலையைத் தொங்கப்போட்டது.

"ஏங்க, பூசைக்கா கூட்டிட்டுப் போறீங்க, தலைக்கு ஊத்தியிருக்கீங்க?" என்றாள் மனைவி ரெஜினா.

"சுத்தம் முக்கியம் ரெஜினா."

"ஆமா, அடக்கத்துக்கு முன்னாடி குளிப்பாட்டுறதுதானே வழக்கம்."

அவர் குஞ்சைத் துண்டால் ஒற்றி அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே தொங்கிய பல்புக்குச் சுவிட்சைப் போட்டார். கரண்ட் இல்லை.

பெட்டியையும் மனைவியையும் பார்த்தார். பிறகு, கோயிலுக்குள் நுழைகிறவரின் பக்தியோடு மங்கி கேப்பைக் கழற்றி, தலைச்சூடு ஆறுவதற்குள் குஞ்சை அதற்குள் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டார். வழுக்கையில் குளிர் ஏறியது. அவர் அசையவில்லை.

பதினொரு மணிவாக்கில் கேப்புக்குள்ளிருந்து ஒரு கீச்சொலி வந்தது. ரெஜினா தன் கம்பளி ஸ்கார்ஃபை எடுத்துவந்து அவர் தலையில் கட்டிவிட்டாள்.