மூன்று சென்சர், நாலு பதில்

நான் கோயிலுக்குப் போகிறவன். பொய் சொல்லப் பயந்தவன். கீழே எழுதியிருக்கும் நேரங்களில் ஒன்றுகூட என் நினைவிலிருந்து எழுதியது அல்ல. கருவி பதிந்து வைத்தவை. இன்றைக்கும் என் லாப்டொப்பில் இருக்கின்றன. நம்பாதவர்கள் பாரிசுக்குப் பக்கத்தில் வில்லியே லே பெல்லுக்கு, என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். தேத்தண்ணியும் தருவேன்.

அன்றைக்கு இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தியின் உயிர் ஒரு திரையின் கடைசி வரியில் தொங்கியது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

2025 சனவரி 12. ஞாயிற்றுக்கிழமை. பொங்கலுக்கு இரண்டு நாள்.

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் குணரத்தினம் அண்ணையின் மளிகைக் கடை. மேலே கரும்புக் கட்டுகள், மஞ்சள் கொத்து, புதுப்பானை, நெருக்கியடிக்கும் சனம். கீழே நிலவறை. அங்கே ஒரு நீண்ட நடையின் ஓரமாக மூன்று குளிர் அறைகள். முதலாவதில் மரக்கறி. இரண்டாவதில் மீன். நடையின் முடிவில் இருப்பது மூன்றாவது. உறைந்த தேங்காய்ப்பூ, முருங்கைக்காய், மரவள்ளி எல்லாம் அங்கே. பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை.

குளிர் அறைகளுக்குக் கருவி பூட்டுவது என் தொழில். அங்கே அறைக்கு ஒன்றாக மூன்று வெப்பச் சென்சர்கள் இருந்தன. மூன்றும் ஒரே சோடிக் கம்பியில் கோத்தவை. அந்தக் கம்பியின் முனையில் ஒரு சிறிய கன்வெர்ட்டரைப் பூட்டி, அதற்குப் பழக்கிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுவது மாதிரித்தான். அது "ஒன்று" என்று கூப்பிட்டால் ஒன்றாம் இலக்கச் சென்சர் தன் குளிரைச் சொல்லும். கேட்டதைக் கம்பியில்லாமல் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் அனுப்பிவிடும். கூப்பிடாத இலக்கம் வாய் திறக்காது.

"தம்பி, நாளைக்குக் காலமை சுகாதாரக் கொன்ட்ரோல் வருகுது" என்றார் குணரத்தினம் அண்ணை. "திரையில குளிரைக் காட்டேல்லையெண்டால் கீழை பூட்டிப்போட்டுப் போயிடுவாங்கள். பொங்கல் யாவாரம் எல்லாம் அங்கைதான் கிடக்கு."

"இண்டைக்கே முடிச்சுத் தாறன் அண்ணை."

"ஒருக்கா யசோவை அனுப்புறன். கையுதவிக்கு."

யசோதினி பியர்ஃபித் புறநகரிலிருந்து வருகிறவள். அந்தக் கடையில் சேர்ந்து இரண்டு மாதம். சிரிக்காமல் பகிடி விடுவாள்.

எந்தச் சென்சருக்கு எந்த இலக்கம் என்று அறிய எனக்கு ஒரு பழைய வழி உண்டு. ஒருவர் அறைக்குள் போய்ச் சென்சரை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்க வேண்டும். திரையில் எந்த வரி ஏறுகிறதோ, அதுதான் அதன் இலக்கம். சென்சர்கள் கூரையோரம் இருந்தன. அவள் ஏணிப்படி வைத்து ஏறிப் பிடித்தாள்.

"அண்ணை, காய்ச்சல் பாக்கிற மாதிரிக் கிடக்கு. மருந்தும் எழுதித் தருவியளோ?"

"ஓம், கசாயம்தான். குடிப்பியோ?"

16:20. மூன்றும் சரி. அவளுடைய விரல்கள் சிவந்திருந்தன. என் கம்பளிக் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தேன். "பிறகு தாறன் அண்ணை" என்று போட்டுக்கொண்டு மேலே போனாள்.

16:31. படிக்குக் கீழே இருக்கும் மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கன்வெர்ட்டரைச் சுவரில் இறுக்கும் வேலை. மோட்டார் 'டங்' என்று பிடித்து, 'ர்ர்ர்' என்று இரைந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் வெடி போட்டாலும் கேட்காது.

16:47. வெளியே வந்து நடையில் இருந்த மேசையில் லாப்டொப்பைத் திறந்தேன். கன்வெர்ட்டரில் இரண்டு சின்ன விளக்குகள். கேட்டால் பச்சை மின்னும். பதில் வந்தால் மஞ்சள் மின்னும். கதவிடுக்கால் தெரிந்தது. பச்சை, மஞ்சள். பச்சை, மஞ்சள். பச்சை, மஞ்சள்.

திரையில் மூன்று வரிகள். ஒன்று: 4.1. இரண்டு: −18.3. மூன்று: −20.2.

எல்லாம் சரி. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு சாமான்களைப் பையில் அடுக்கினேன். ஆறு மணிக்கு மகளை நடன வகுப்பிலிருந்து கூட்டிவர வேண்டும்.

16:52.

நான்காவது வரி ஒன்று வந்தது.

நான்கு: 31.2.

நான் மூன்றைத்தான் கூப்பிடச் சொல்லியிருந்தேன். திரும்பப் பார்த்தேன். ஆம், மூன்றுதான். அங்கே நான்காவது சென்சரே இல்லை. யசோ ஒவ்வொன்றாய்ப் பொத்திப் பிடிக்க, நானே எண்ணியவன்.

பழைய கம்பி எங்கேயாவது ஒட்டிக் கிடக்கலாம் என்று நினைத்தேன். மோட்டாரின் சூட்டைக் காட்டுகிறதாக்கும்.

31.4. 31.1. 31.3. 31.0.

இலக்கம் நடுங்கியது...

மோட்டாரின் சூடு அப்படி நடுங்காது. சுவரும் நடுங்காது. பதினொரு வருசமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு மனிதக் கை பொத்திப் பிடித்திருந்தால் மட்டும்தான் இலக்கம் இப்படி ஏறி இறங்கும்.

16:58. மோட்டார் அறைக்குப் போய், கன்வெர்ட்டரிலிருந்து இரண்டு கம்பிகளையும் கழற்றினேன். இனி அதற்குள் எந்தச் சென்சரின் பதிலும் வர வழியில்லை.

திரும்பி வந்தேன்.

ஒன்று: பதில் இல்லை.

இரண்டு: பதில் இல்லை.

மூன்று: பதில் இல்லை.

நான்கு: 31.1.

கதவிடுக்கால் பார்த்தேன். கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மஞ்சள் விளக்கு மட்டும் மின்னியது. பச்சை மின்னவில்லை. யாரும் கேட்கவில்லை... பதில் மட்டும் வந்தது.

"முருகா" என்று வாய்விட்டுச் சொன்னேன். கம்பிகளைத் திரும்பப் பூட்டினேன். மூன்று வரிகளும் ஒழுங்காக வந்தன. நான்காவது போகவில்லை.

17:04. 30.6.

17:09. 28.9.

17:13. 26.7.

இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த வரியின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டி உண்டு. 'சென்சர் பிழை – நீக்கு.' ஒரு தட்டுத் தட்டினால் வரி மறைந்துவிடும். குணரத்தினம் அண்ணை சந்தோசப்படுவார். நான் ரெயின் பிடிப்பேன். இந்தத் தொழிலில் எல்லாரும் அதைத்தான் செய்வோம். விரலைக் கொண்டு போனேன்.

ஏனோ முடியவில்லை. தெருவில் ஒருவர் வணக்கம் சொன்னால், யாரென்று தெரியாவிட்டாலும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் போவேன். அது என் பழக்கம். இதுவும் ஒரு பதில். பதில் சொல்கிற ஒன்றை எப்படி இல்லை என்று எழுதுவது?

விரலை எடுத்தேன்.

17:17. கைத்தொலைபேசியில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

முதலாம் அறை. திறந்தேன். மரக்கறி.

இரண்டாம் அறை. மீன் பெட்டிகள். ஒருவரும் இல்லை.

நான்கு: 25.2.

நடையின் முடிவு. மூன்றாம் அறையின் உள்விளக்கு, வெளியே இருக்கும் சுவிட்சின் நேரம் முடிந்து தானாக அணைந்திருந்தது. ஒரு சாண் தடிப்பான கதவில் காதை வைத்தேன்.

ஒரு சத்தமும் இல்லை.

24.8.

24.8.

24.8.

இறங்காமல் நின்றது... காத்திருப்பது மாதிரி.

இழுத்தேன்.

17:21.

தேங்காய்ப்பூப் பெட்டிகளுக்குப் பின்னால், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு யசோதினி இருந்தாள். இமைகளில் வெள்ளை. இடக்கையில் என் கையுறை. வலக்கையில் இல்லை. அந்தக் கை மட்டும் இறுகப் பொத்தியிருந்தது.

"தங்கச்சி!"

கண் திறந்தாள். பேச்சு வரவில்லை. என் கோட்டால் சுற்றித் தூக்கிக்கொண்டு படியேறினேன். மேலே கரும்பு வாங்க நின்ற சனம் விலகி வழிவிட்டது. முன்பின் தெரியாத ஓர் அம்மா தன் சால்வையை உருவி அவள் காலில் சுற்றினார்.

"ஐயோ... அந்தக் கதவின்ர உள்ப்பிடி" என்று குணரத்தினம் அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு கிழமையா ஆடிக்கொண்டு கிடந்தது. பொங்கல் முடிய மாத்துவம் எண்டு விட்டனான். நான் பாவி, தம்பி!"

17:34. தீயணைப்புப் படையின் அவசர வண்டி வந்தது. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திராது என்றார்கள். அவளுடைய கைத்தொலைபேசி மேலே காசு மேசையில் சார்ஜில் கிடந்தது. கடைக் கமராவில் பார்த்தோம். நான் மோட்டார் அறைக்குள் இருந்தபோது, 16:41க்கு அவள் தேங்காய்ப்பூ எடுக்கக் கீழே இறங்கியிருக்கிறாள்.

கைத்தொலைபேசியைப் பார்த்தேன். மூன்று வரிகள்தான் இருந்தன.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மூத்த பிள்ளை காலடியில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தது.

"ஒரு கையுறை துலைஞ்சு போச்சு அண்ணை. கடன்தான்" என்றாள்.

"அது கிடக்கட்டும். கை எப்பிடி?"

வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவிலே, விரல் நீளத்துக்கு, உருளை வடிவில் ஒரு சிவந்த தழும்பு. குளிர்ந்த உலோகம் சுட்ட தழும்பு. சென்சரின் அளவு. அதே வடிவம்.

"நீங்கள் தந்ததுதானே" என்றாள்.

"நான் என்ன தந்தனான்?"

"லைட் நிண்டு போச்சு. ஒண்டும் தெரியேல்லை. கத்திக் கத்திக் களைச்சுப்போய் இருந்திட்டன். அப்ப நீங்கள் வந்து கையுறையைக் கழட்டி, அதை என்ர கையில வைச்சுப் பொத்தினியள். உங்கட கையாலயும் சேர்த்துப் பிடிச்சனீங்கள். சரியான குளிர்க் கை."

நான் கட்டிலோரம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"'விடாதேங்கோ அக்கா, பிடிச்சுக்கொண்டிருங்கோ' எண்டு சொன்னியள். என்னை ஏன் அக்கா எண்டுறியள் எண்டு நினைச்சன்..."

அவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அண்ணை, அது நீங்கள்தானே?"

"வேற ஏதும் சொன்னவரோ?"

"'இந்த முறை வருவார்' எண்டு. அதென்ன, இந்த முறை?"

எனக்குத் தெரியவில்லை. அப்போது தெரியவில்லை.

அந்த அறையின் சென்சர் கூரையோரம் இருக்கிறது. ஏணிப்படி இல்லாமல் அவளுக்கு எட்டாது. ஏணிப்படி நடையில்தான் கிடந்தது. தரையோரம் எங்கேயும் ஒரு கம்பிகூட இல்லை. பிறகு இரண்டு தரம் போய்த் தேடினேன்.

செவ்வாய்க்கிழமை, பொங்கலன்று காலை, என் பிரெஞ்சு முதலாளி தியரியிடம் பதிவுகளைக் காட்டினேன். நல்ல மனிதர். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கடையின் விலாசத்தைக் கேட்டார். பிறகு எழும்பிப் போய் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அந்தக் கடைக்கு முன்பு வேறு பெயர், வேறு முதலாளி. அப்போது மூன்றாம் அறையில் தரையோரம் இன்னொரு சென்சர் இருந்திருக்கிறது. நான்காம் இலக்கம். அங்கே வேலை செய்த மிதுசன் என்ற இருபத்தாறு வயதுப் பிள்ளை ஒரு ஞாயிறு பின்னேரம் உள்ளே அகப்பட்டுப் போனான். திங்கள் காலையில்தான் எடுத்தார்கள். அவன் விவரம் தெரிந்தவன். சென்சரைச் சூடாக்கினால் எச்சரிக்கை எங்கேயாவது போய்ச் சேரும், யாராவது பார்ப்பார்கள் என்று நம்பியிருக்கிறான். சாகும்வரை அதை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தான். விரல்களைப் பிரிக்க நெடுநேரம் ஆனதாம்.

மிதுசனின் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எனக்கு நினைவிருக்கிறது. லா சப்பலில் ஒரு கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். மாலை போட்ட படம். தெரியாத பிள்ளைதானே என்று கடந்து போகாமல், நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போனேன். அதை ஒரு நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

எச்சரிக்கை வந்திருக்கிறது. எங்கள் கம்பெனியில் ஞாயிறு வேலையில் இருந்த ஊழியர் ஒருவர் அதைத் திரையில் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கடைகளின் பெயர் தெரியாது. இலக்கங்கள் மட்டும்தான் தெரியும்.

கோப்பின் கடைசித் தாளில் ஒரே ஒரு வரி. 2014 சனவரி 12, ஞாயிறு, 16:52. நான்காம் சென்சர் 31.2 பாகை காட்டுகிறது. சென்சர் பிழை. நீக்கப்பட்டது.

"நீ வேலைக்குச் சேர்ந்து மூன்று கிழமை. உனக்குப் பிள்ளை பிறந்து சில நாள்தான். அடுத்த நாளே லீவில் போய்விட்டாய்" என்றார் தியரி, திரும்பாமலே. "உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை."

அந்த வரிக்குக் கீழே இருந்தது என் கையெழுத்து.