விதை நெல்லுக்குள் இருந்த வைன்

பாண்டிருப்பில் வட்டவிதானை கனகரெத்தினத்தின் நாக்குக்குத் தனி மரியாதை. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதுதான் அவருடைய வேலை. ஆனால் கல்யாண வீட்டுக் கறிக்கு உப்புப் பார்க்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சவளக்கடை ஊர்த் தயிரில் ஒரு கரண்டி வாயில் வைத்தாரென்றால், பாலில் தண்ணீர் கலந்ததை மட்டுமல்ல, அது கிணற்றுத் தண்ணீரா வாய்க்கால் தண்ணீரா என்றும் சொல்லிவிடுவார். தயிர்க்காரர்கள் அவர் வீட்டு ஒழுங்கையைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனார்கள்.

இந்தப் பெருமையை மகள் சுலக்சனா தன் வருங்கால மாமனாரிடம் கொஞ்சம் கூட்டிச் சொன்னதில்தான் வினை வந்தது. பாரிஸில் இருக்கும் சம்பந்தி கனகசபாபதி, ஊருக்கு வந்த ஒருவரிடம் சிவப்பு வைன் போத்தல் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். இருபத்தேழு வருடப் பழையது. "உங்கட நாக்குக்கெண்டே எடுத்தது சம்பந்தி. ஆறுதலாத் திறந்து பதம் சொல்லுங்க" என்றார் போனில்.

போத்தலில் ஒட்டியிருந்த ஆண்டைப் பார்த்த மனைவி செல்லத்தங்கம், "இது எப்பவோ முடிஞ்ச சாமான். வீசுங்க" என்றாள்.

கனகரெத்தினம் வீசவில்லை. பெறுமதியான ஒன்றைப் பத்திரப்படுத்த அவருக்குத் தெரிந்த ஒரே இடத்தில் வைத்தார்: தகரக்கூரை அறையில், விதை நெல் மூட்டைகளுக்கு நடுவில், நல்ல சூட்டில். விதை நெல்லே கெடாத இடத்தில் வேறெதுவும் கெடாது என்பது அவர் கணக்கு. சம்பந்தி கேட்கும்போதெல்லாம் சாக்குச் சொல்லியே பத்து மாதம் போனது. இனித் தப்ப முடியாதபடி, ஞாயிற்றுக்கிழமை பகல் வீடியோவில் வருவதாகச் சம்பந்தி சொல்லிவிட்டார்.

திறக்கத்தான் வழி தெரியவில்லை. மூடியென்று ஒன்றில்லை, கழுத்துக்குள் தக்கை இறுகிக் கிடந்தது. கல்முனையில் இரும்புக்கடை வைத்திருக்கும் கூட்டாளி அப்துல் ஸமட்டை வரச்சொன்னார். ஸமட் வந்தார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பார்த்து, வைன் மணம் தன்மேல் படாதபடி அந்தப் பக்கமே கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் கை வைக்கமாட்டன் மச்சான். வாயால சொல்றன், நீ செய். இந்தா திருகாணி. முறுக்கு. இனிக் குறட்டால புடிச்சு இழு. டேய், பல்லுப் புடுங்கிறயா? மெதுவா!"

"நீ வந்து இழுத்துக் காட்டன்."

"திருகாணி தந்ததுக்கே மறுமையில எனக்கு என்ன கேள்வி வருமோ தெரியா."

பாதித் தக்கை திருகாணியோடு வந்தது. மீதி உள்ளே விழுந்தது. செல்லத்தங்கம் முணுமுணுத்தபடி தேத்தண்ணி வடியால் வடித்துக் கொடுத்தாள். கனகரெத்தினம் ஒரு மிடறு வாயில் வைத்தார். முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"எப்படி?" என்றார் ஸமட்.

"புளிக்குது."

"எனக்கு இஞ்ச வரைக்கும் மணக்குதே! எங்கட ஊட்ட அச்சாறுக்குப் புளிக்காடி ஊத்துற நாளையில இந்த மணம்தான். மச்சான், அது வினாகிரி!"

வைன் என்றால் என்ன சுவை என்று கனகரெத்தினத்துக்குத் தெரியாது. இதுதான் அதன் அசல் சுவையென்றால், வினாகிரி என்று சொன்ன நாக்கு பாரிஸ் வரை நாறும். வினாகிரிதான் என்றால், சம்பந்தி ஆசையாக அனுப்பியதைச் சூட்டில் வைத்து நாசமாக்கியது அவர்தான்.

"நல்லமெண்டு சொல்லிப்போட்டு உடுங்க," என்றாள் செல்லத்தங்கம். "புள்ளட கலியாணம்."

"சரியாச் சொல்லு மச்சான்," என்றார் ஸமட். "தானாப் புளிச்சு வினாகிரியானா எங்களுக்கு ஹலால். வைனெண்டா ஹராம். உன்ர வாயிலதான் இரிக்கி."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. திரையில் சம்பந்தி கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எப்படிச் சம்பந்தி? நாக்கு என்ன சொல்லுது?"

கதவடியில் நின்ற மனைவி தலையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினாள். கனகரெத்தினம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முப்பது வருடமாகத் தயிர்க்காரர்களின் முகத்துக்கு நேரே சொன்னதையெல்லாம் நினைத்துக்கொண்டார்.

"குறை நினைக்காதீங்க சம்பந்தி. இது வினாகிரி."

சம்பந்தி திரைக்குக் கிட்டே குனிந்தார். "எங்க வெச்சிருந்தீங்க?"

"விதை நெல்லுக்குள்ள."

"தக்கை காயாமப் படுக்க வெச்சா?"

"நிக்கத்தான். படுக்க வெக்கிறதுக்கு அதுக்கென்ன காய்ச்சலா?"

கனகசபாபதி சிரிக்கவில்லை. தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதுக்குச் சோடிப் போத்தல இஞ்ச போன கிழமை திறந்தம். மகன்ட முதலாளி மூக்க உட்டு உட்டு மணந்துபோட்டு அருமை எண்டார். எல்லாரும் அருமை எண்டாங்க. நானும் எண்டன். எனக்கு வினாகிரி மாதிரித்தான் இரிந்தது. என்ர நாக்குச் செத்துப்போச்செண்டு ஒரு கிழமையா ஒருத்தரிட்டயும் கதைக்காம இரிக்கன். இப்பதான் சம்பந்தி சீவன் வந்தது!"

கனகரெத்தினத்தின் முதுகு நிமிர்ந்தது. "வினாகிரிதான்," என்றார் இன்னும் உறுதியாக. "ஆனா நல்ல வினாகிரி. கடையில கிடையாது."

ஸமட் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"ரெண்டு நாக்குச் சாட்சி சொல்லிட்டு. நான் பள்ளி ஹஸ்ரத்திட்ட இது ஹலாலா எண்டு ஒரு சொல்லுக் கேட்டுட்டு வாறன். தங்கச்சி, அதுவரைக்கும் கொட்டிப்போடாதீங்க!"