தொடை வழியாகப் போன கம்பி

அன்றைக்கு அந்தக் குளிர் அறைக்குள் இருந்தவர்கள்: மேசைமேல் நான், ரத்தக்குழாய் டாக்டர், அவருக்கு உதவியாக ஒரு சின்ன டாக்டரம்மா, ஒரு நர்ஸ், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எக்ஸ்ரே மிஷின் பார்க்கிறவர். வெளியே பெஞ்சில் என் மனைவியும் அவள் தம்பியும். வேறு யாருமில்லை. ஏதாவது ஆகிப்போனால் யாரைக் கேட்பது என்று ஒரு கணக்கு வேண்டுமே என்றுதான் எண்ணிவைத்தேன். ஆகிப்போகிறவனே நான்தான் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறேன். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, தழை போட்டு மூடி, மண் பூசி உள்ளே தீ வைத்தால், விறகு எரியாமல் வெந்து கரியாகும். மண் எங்காவது வெடித்துக் காற்றுப் புகுந்தால் அத்தனையும் சாம்பல். சுற்றிச் சுற்றி வந்து வெடிப்பை அடைக்க வேண்டும். எதற்கும் பயப்படுகிறவனுக்குத் தோதான வேலை. முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தேன். அது கழிகிறவரை வேறு இடம் போக முடியாது. என் கால் போனால் அந்த மூட்டத்தில் என் மனைவிதான் போய் நிற்க வேண்டும்.

முதலில் இடது கெண்டைக்கால்தான் பிடித்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தால் பாதி வழியில் இறுக்கும். நின்றால் விட்டுவிடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். சும்மா நிற்க வெட்கப்பட்டு, உரக்கடை போர்டைப் படிக்கிற மாதிரி நிற்பேன். “தெனமும் வந்து படிக்கீகளே, பரிச்சை எதுவும் எழுதப் போறீகளா?” என்று கடைக்காரர் கேட்டார்.

பிறகு பாதம் சில்லிட்டுப் போனது. மூட்டக்காரன் கால் குளிர்ந்தால் வேறெங்கே போவான்? மூட்டத்து மண்மேலேயே பாதத்தை வைத்தேன். சூடு உறைக்கவில்லை. உறைக்கட்டும் என்று இன்னும் அழுத்தி வைத்தேன். சுண்டுவிரலில் கொப்புளம் வந்ததை என் மனைவிதான் பார்த்தாள். புண் ஆறவில்லை, விரல் கறுத்தது. கரி ஒட்டியிருக்கிறது என்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஒரு வாரம் தேய்த்திருப்பேன். எங்கள் தொழிலில் விரல் கறுப்பாக இருந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் பயந்த நான் அதற்கு மட்டும் பயப்படவில்லை.

அருப்புக்கோட்டை டாக்டர் புண்ணை அதிகம் பார்க்கவில்லை. பாதத்தின் மேல், கணுக்காலுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில், தொடை இடுக்கில் என்று விரல் வைத்து நாடி தேடினார். தொடையில் இருந்தது, கீழே எங்கும் இல்லை. மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்.

ரத்தக்குழாய்க்கென்று தனி டாக்டர் இருப்பதே மதுரையில்தான் எனக்குத் தெரிந்தது. இருதயம், மூளை இரண்டுக்கும் வேறு ஆள் உண்டு, கழுத்து, வயிறு, கை, கால் என்று மீதி ஓடுகிற குழாயெல்லாம் தன் பாடு என்றார் அவர். ரத்தத்தைக் கொண்டுபோகிற குழாய் அடைத்தால் ஒரு வைத்தியம், திருப்பிக் கொண்டுவருகிற குழாய் சுருண்டு புடைத்தால் வேறு வைத்தியம். எனக்குப் போகிற வழியில் அடைப்பு. கையிலும் கணுக்காலிலும் பட்டை சுற்றி பிரஷர் பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டுமாம். எனக்குக் காலில் இருந்தது கையில் இருந்ததில் பாதிகூட இல்லை. மூட்டத்தில் கால் வைத்ததைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை.

“சூடு வச்சா அந்தச் சதை இன்னும் ரத்தம் கேக்கும். வர்றதுக்கே வழியில்லாத எடத்துல கேட்டா என்ன ஆகும்?”

வழி மூன்று சொன்னார். தொடை வழியாகக் கம்பி விட்டு, அடைப்பில் பலூன் வைத்து ஊதி விரிப்பது. கம்பி நுழையாவிட்டால் பிறகு ஒருநாள் காலைத் திறந்து, காலிலேயே ஒரு குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றி மாற்றுப் பாதை போடுவது. அதுவும் ஆகாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுப்பது. கையெழுத்துப் போட்டேன். மூன்றாவதுதான் காதிலேயே நின்றது.

மேசையில் மயக்கம் கொடுக்கவில்லை. மரக்கிற ஊசி மட்டும். கழுத்துவரை துணி, முகத்துக்கு நேரே மிஷின், கையை எடுக்கக் கூடாது, காலை மடக்கக் கூடாது. அசையாதே என்றதுமே மூக்கு அரித்தது. இருமல் வரும்போல இருந்தது. அப்போது பார்த்து டாக்டர் ஊசியை வலது தொடையில் வைத்தார். நோவது இடது கால். எழுந்து ஓடவும் வழியில்லை.

“டாக்டர், அது நல்ல காலு,” என்றேன்.

இதில் ஏறி, வயிற்றுக்குள் திரும்பி, அந்தக் காலில் இறங்கப் போவதாக அவர் சொன்னார். நர்ஸ் விடவில்லை.

“நல்ல காலுன்னு நீங்கதான் நம்புறீக. ரெண்டு காலும் ஒரே பீடியத்தான குடிச்சிருக்கு.”

படம் எடுக்க உள்ளே மருந்து விட்டார்கள். தொடைவரை சுட்டது, அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கம்பி போய் முட்டியது. இழுத்தார்கள், மறுபடி விட்டார்கள், மறுபடி முட்டியது. எங்கள் தெருவில் உப்புத் தண்ணீர்க் குழாய் அடைத்தால் கம்பி விட்டுக் குத்துவார்கள். பாதி நேரம் குழாய் ஓட்டையாகிவிடும். அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். மூச்சைக்கூட விடவில்லை போல. “அண்ணே, மூச்சு விடலாம், அதுக்குத் தடையில்ல,” என்றாள் நர்ஸ். கதவுக்கு வெளியே என் மனைவி செருமுவது கேட்டது. இல்லை, கேட்டதுபோல இருந்தது.

கம்பி எப்போது நுழைந்தது என்று எனக்குத் தெரியாது. பலூன் ஊதியபோது கெண்டைக்கால் பிளப்பதுபோல வலித்தது. இறக்கியபின் மறுபடி மருந்து விட்டார்கள். இந்தத் தடவை சூடு முழங்காலைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டி, பாதம்வரை இறங்கியது.

“பாதம் சுடுது டாக்டர்.”

“சுடட்டும்,” என்றார்.

கறுத்த விரலை மட்டும் பிறகு எடுத்தார்கள். கால் நின்றது.

முதலாளி ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தார். காலில்லாதவனிடம் முன்பணப் பாக்கியைக் கேட்க மனசு வராமல் வந்தாரோ என்னவோ, பார்த்ததும் முகம் தெளிந்துவிட்டது.

“அதான் காலு இருக்குல்ல. பைய வாங்க.”

பீடியைத் தொடக் கூடாது, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது, மூட்டத்துப் பக்கமே போகக் கூடாது, இனி வெந்தால் முழங்காலோடு போகும் என்று டாக்டர் சொன்னதை என் மனைவி ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நீ வாம்மா,” என்றார்.

இப்போது அவளும் அவள் தம்பியும் நிற்கிறார்கள். தூரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, புகை எந்தப் பக்கம் கசிகிறது என்று நான் கத்துகிறேன். நல்ல கால்கள் இரண்டோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மூட்டம் பிரித்து இறக்கினால் கொஞ்சம் கழிகிறது. இன்னும் முப்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.