பட்டர் பேப்பரில் ஒட்டிய முகம்

எண்ணெயில் முக்கி எடுத்ததுபோல் மங்கலாக, அடியில் இருப்பது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அந்தத் தாளைப் பட்டர் பேப்பர் என்பார்கள். இன்றைக்கும் அதைத் தொட எனக்குக் கை வராது.

குற்றாலத்தில் படம் வரைகிற சார் ஒருவர் வீட்டில் வேலை பார்க்கிறேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அவர் அறையிலுள்ள தாள்களைத் தொட்டே சொல்லிவிடுவேன். பருத்தியில் செய்த தடித்த தாள் தண்ணீர் வண்ணத்துக்கு. எவ்வளவு நனைந்தாலும் தாங்கும். வெங்காயச் சருகு மாதிரி இருப்பது மை தொட்டு வரைய. சொரசொரப்பாக இருப்பது கரித்துண்டால் வரைய; அந்தச் சொரசொரப்பில்தான் கரி உட்காரும். "எங்க ஆச்சி கண்ணக் கட்டி விடுங்க, தடவியே பேரச் சொல்லிருவாக" என்று வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சார் சிரிப்பார். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதுதான் கெடுத்தது.

இறந்துபோன தன் மனைவியை, தென்காசி ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில், சார் கரியில் வரைந்திருந்தார். நோய் வந்தபின் அந்த அம்மா போட்டோ எடுக்க விடவில்லை. அந்த முகத்துக்கு மிச்சம் அது ஒன்றுதான். மேலே பட்டர் பேப்பர் மூடி மேசையில் கிடத்தியிருப்பார்.

ஒரு ஆனியில் மூன்று நாளாகச் சாரல் விடவில்லை. சார் தென்காசிக்குப் போயிருந்தார். ஈரத்தில் அந்தப் படம் சுட்ட அப்பளம்போல் நெளிந்து கிடந்தது. சேலையை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்தால் சுருக்கம் போய்விடும். நாங்கள் அப்படித்தான் செய்வோம். தாளும் அப்படித்தானே என்று, மூடியிருந்த பட்டர் பேப்பரோடு பலகைக்கு அடியில் வைத்து, மேலே அரிசி டின்னை ஏற்றினேன்.

சாயங்காலம் எடுத்தேன். நெளிவு போயிருந்தது. மேல்தாளைத் தூக்கினால் பாதிக் கரி அதோடு வந்துவிட்டது. கண்ணும் கன்னமும் அதில் ஒட்டியிருந்தன. கீழே புகை மாதிரி ஒரு முகம்.

பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். சாரல்மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று, ஓட்டில் ஒழுகுகிற இடம்கூடத் தேடி வைத்தேன்.

சார் குடையை மடக்கியபடியே கேட்டார். "படம் நனையலல்லா ஆச்சி? வழியெல்லாம் அதே நெனப்பு."

பொய் நாக்கு நுனி வரை வந்தது. "நாந்தான் சார் அமுக்கி வச்சேன். நெளிஞ்சு கெடந்துது. எல்லாம் தெரியும்னு நெனச்சுட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பயம் இறங்கியிருக்கும். பட்டர் பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த அம்மாவின் மச்சம் பக்கம் மாறியிருந்தது.

"கண்ணாடியில பாக்கையில அவ தன்ன இப்பிடித்தான் பாத்திருப்பா, என்ன ஆச்சி?" குரல் உடைந்திருந்தது.

மறுநாள் போனபோது அந்த அறையை அவரே பெருக்கிக்கொண்டிருந்தார். "நீங்க அடுக்களையப் பாருங்க ஆச்சி" என்றார், மரியாதையாகத்தான்.

இன்றைக்கும் வேலைக்குப் போகிறேன். என் விளக்குமாறு அந்த வாசலோடு திரும்பிவிடும். உள்ளே மேசையில் இப்போது எந்தத் தாள் கிடக்கிறதென்று எனக்குத் தெரியாது.