எச்சரிக்கையின் வாயை அடைத்தார்கள்

அலுவலகத்தில் அவளுக்குச் சந்தேக அக்கா என்று பேர். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சிறுகச் சிறுக மருந்து ஏற்றும் பம்புக்கு ஏடா மொழியில் நிரல் எழுதுவது அவள் வேலை. நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் லேசாக முணுமுணுத்தால் போதும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அப்போது சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவாள்.

அந்த முறை வந்தது பொல்லாத எச்சரிக்கை. ஒருமுறை எழுதிவைத்து வேண்டிய இடத்திலெல்லாம் வார்த்தெடுக்கும் பொது அச்சு ஒன்றை நிரலில் பல இடங்களில் பயன்படுத்தியிருந்தார்கள். மற்ற இடங்களிலெல்லாம் கம்மென்று இருந்த கம்பைலர், மருந்தின் வேகத்தைக் கணக்கிடும் இடத்தில் மட்டும், ‘அணுகல் விதி மீறல், ஓடும்போது பிழை எழும்’ என்றது. அச்சில் ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. பின்னே என்ன இழவு இது? தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

குழுத் தலைவருக்குப் பொறுமை போயிற்று.

“விட்டுத் தொலைங்கம்மா. பொது அச்சுன்னாலே அது இப்படித்தான் உளறும். சோதிக்காதேன்னு ஒரு வார்த்தை போட்டா வாயை மூடிக்கும்.”

“காரணம் தெரியாம எப்படி சார் போடறது?”

“நாளைக்கு அனுப்பியாகணும். காரணத்தை அப்புறம் ஆற அமரக் கண்டுபிடிங்க.”

அவரே போட்டார். எச்சரிக்கை போன இடம் தெரியவில்லை. சோதனைக்கூடத்தில் பம்பும் ஒழுங்காக ஓடியது. விட்டது சனி என்று அவளும் தலையாட்டிவிட்டாள். அங்கேதான் கெட்டது குடி.

சில மாதம் கழித்து அவள் தங்கைக்கு ஆபரேஷன். கட்டிலருகே இருந்தது இவர்கள் கம்பெனி பம்ப்தான், வலிமருந்து ஏற்றிக்கொண்டிருந்தது.

“பசிக்குதுக்கா.”

“டாக்டர் சொல்லட்டும்டி, சும்மா கிட.”

கொஞ்ச நேரத்தில் தங்கை கண்ணயர்ந்தாள். அக்கா தற்செயலாகத் திரையைப் பார்த்தாள். இரண்டு என்றிருந்த வேகம் இருபது என்று காட்டியது.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. அந்த ஓர் இடத்தில் மட்டும் அச்சை ஒரு கணக்குக்குள்ளே வைத்திருந்தார்கள். கணக்கு முடிந்ததும் உள்ளே இருந்த எண் அழிந்துவிடும், அது இருந்த இடத்தின் விலாசம் மட்டும் வெளியே தங்கிவிடும். காலியான இடத்தில் வேறு ஏதோ எண் வந்து குந்தியிருக்கிறது, பம்ப் அதையே வேகம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. இதைத்தானே அந்தப் பாவி எச்சரிக்கை சொல்லிற்று! சோதிக்காதே என்று போடாதிருந்தால் பம்ப் நின்று அலறியிருக்கும்.

“சிஸ்டர்! பம்பை நிறுத்துங்க!”

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “அலாரமே அடிக்கலையேம்மா?”

“அடிக்காது! அடிக்க விடாம நாங்கதான் பண்ணி வெச்சிருக்கோம்!”

குழாயை அவளே மடக்கிப் பிடித்தாள். தங்கையின் மூச்சு விட்டு விட்டு வந்தது. டாக்டர் ஓடிவந்து மாற்று ஊசி போட்டார். தங்கை ஒருவழியாகக் கண் திறந்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“இந்தப் பம்ப் வேற யாருக்காவது போட்டிருக்கீங்களா சிஸ்டர்?”

“எல்லாக் கட்டிலுக்கும் இதுதானேம்மா.”

விழுந்தடித்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். ஒரு பெரியவர் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். பம்ப் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. “ஐயா, ஐயா” என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் எழுந்திருக்கவில்லை.